மரத்தில் ஏறச் சொன்னவர் யார்?

(மரம் ஏறும், மரம் வெட்டும் தொழிலாளர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் ஊர் முதலில் தேடுவது யாரை? 2016 டிசம்பரில் வர்தா சென்னையைப் புரட்டிப் போட்டபோதும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்தபோதும் அடைபட்ட வழிகளைத் திறந்துவிட்டவர்கள் அரிவாளும் ரம்பமும் கையில் வைத்திருந்தவர்கள். அந்த நாளில் அவர்கள் இல்லாமல் பால் வண்டி வராது, ஆம்புலன்ஸ் வராது. வழி திறந்ததும் அவர்களை ஊர் மறந்துவிடும்.

மரம் ஊருக்குள் நிற்கிறது. ஏறுகிறவர் காலனியிலிருந்தோ இருளர் குடியிருப்பிலிருந்தோ வருகிறார். அறுபது வயதுக்காரரை இருபது வயதுப் பையன் 'வாடா' என்கிறான். வீட்டுக் கூரைக்கு மேலே போகும் கொப்பில் அவர் ஏறலாம், அதே வீட்டுத் திண்ணையில் உட்காரக் கூடாது. வேலைகளை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைப்பதுதான் சாதி என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொன்னார். அதற்கு ஒரு புளிய மரத்தடியில் அரைமணி நேரம் நின்றால் சாட்சி கிடைக்கும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 பேர் மீட்கப்பட்டார்கள். இருளர் குடும்பங்கள், குழந்தைகளும் சேர்த்து. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். நாற்பத்து மூன்று ஆண்டு கழித்தும் சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்கு ஒரு குடும்பமே மரம் வெட்டிக்கொண்டிருந்தது.

இன்று நான் முக்கியமாகப் பேச வந்தது இன்னொன்று. மரத்திலிருந்து ஒருவர் விழுகிறார். அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? "குடிச்சிருந்தான்" என்பார்கள். "காண்ட்ராக்ட்டுக்கு விட்டோம், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்பார்கள். சாயங்காலம் பெரிய மனிதர்கள் கூடி ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று பேசி, இறந்தவரின் மனைவியிடம் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவார்கள். இந்த மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாரெல்லாம் அதற்குள் வருவார்கள் என்ற பட்டியலில் பனை ஏறிச் சாறு இறக்குவதும், மரம் வெட்டிச் சாய்ப்பதும் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஆனால் அதே சட்டம், தன் தொழிலுக்காக அல்லாமல் எப்போதாவது ஒருநாள் வேலைக்கு வைத்துக்கொண்ட ஆளை வெளியே தள்ளி வைத்திருந்தது. வீட்டு மரத்தைக் கழிக்கக் கூப்பிடப்படுகிறவர் பெரும்பாலும் அந்த ஆள்தான். அந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. இது இன்னும் பலருக்குத் தெரியாது. இந்தச் சட்டத்தை இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சொல்லும் அடிப்படைகள் அதிலும் தொடர்கின்றன.

முதலில் குடி. குடித்திருந்தார் என்ற வாதம் எல்லா விபத்துக்கும் எடுபடாது. உயிர் போனாலோ, இனி எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கினாலோ அந்தக் காரணத்தைக் காட்டி முதலாளி தப்பிக்க முடியாது.

இரண்டாவது காண்ட்ராக்ட். மர வியாபாரியோ மின்வாரியமோ தங்கள் வழக்கமான வேலையை ஒரு மேஸ்திரியிடம் விட்டிருந்தால், தொழிலாளி நேராக அவர்களிடமே இழப்பீடு கேட்கலாம். அவர்கள் பிறகு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். வீட்டுக்காரர் நேரடியாகக் கூலி பேசி அழைத்தால் அவரே முதலாளி. மொத்தமாகப் பேசி மேஸ்திரியிடம் விட்டிருந்தால், ஆட்களைக் கொண்டுவந்த அந்த மேஸ்திரி முதலாளி ஆகிறார். மேஸ்திரிகளாக இருக்கும் தோழர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கைநாட்டு. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. மரணம் என்றால் பணத்தைத் தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். சிறு முன்பணம் தவிர, குடும்பத்தின் கையில் திணித்த தொகை இழப்பீட்டுக் கணக்கில் சேராது. 40 வயதில், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர் இறந்தால் எவ்வளவு? அந்தச் சம்பளத்தில் பாதி 7,500. அந்த வயதுக்குரிய காரணி 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். பஞ்சாயத்தில் பேசும் ஐம்பதாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதைப் பெற இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். மருத்துவமனையில் 'கீழே விழுந்தார்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள். இன்னாருடைய மரத்தில் வேலை செய்யும்போது விழுந்தார் என்று எழுதச் சொல்லி ஏ.ஆர். காப்பி வாங்குங்கள். கூப்பிட்ட போன் நம்பர், ஜிபேயில் வந்த கூலி, மரத்தின் போட்டோ எல்லாமே சாட்சி. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம்.

இழப்பீடு உயிரைத் திருப்பித் தராது. அதனால் மரத்தில் ஏறுவதற்கு முன் சில பேச்சு. முருங்கையையும் ஒதியையும் நம்பி நிற்காதீர்கள். வெட்டப் போகிற கொப்பில் இடுப்புக் கயிற்றைக் கட்டாதீர்கள். பெரிய கிளையை முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் பட்டையோடு கிழிந்து உங்கள் மேலேயே வரும். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரிய ஊழியர் வந்து லைன் கிளியர் கொடுக்கும்வரை ஏறாதீர்கள். பக்கத்து வீட்டில் ஃபேன் நின்றுவிட்டது என்பது போதாது. ஒரு ஜெனரேட்டர் பின்னால் மின்சாரத்தை அனுப்பினாலும் கம்பிக்கு உயிர் வந்துவிடும்.

அனுமதியும் கேளுங்கள். சாலையோர மரம் அரசுடையது. மலைப்பகுதியில் 1955ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் பட்டா நிலத்து மரத்தையும் தொடும். அனுமதி இல்லாமல் வெட்டினால் முதலில் பிடிபடுவது ரம்பம் வைத்திருப்பவர். வெட்டச் சொன்னவர் வீட்டுக்குள் இருப்பார். கடிதத்தைக் காட்டச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பேரம் பேச வெட்கப்படாத நமக்கு, கடிதம் கேட்க ஏன் வெட்கம்?

கடைசியாக இங்கே வந்திருக்கும் இளைஞர்களுக்கு. நம் வீட்டிலும் மரம் இருக்கிறது. கொப்பு சன்ஷேடைத் தொட்டால் நாமும் போன் போடுகிறோம். அந்த நிமிடத்தில் நாம் முதலாளி. அவரை எப்படிக் கூப்பிடுகிறோம், கயிறும் பெல்ட்டும் இருக்கிறதா என்று கேட்கிறோமா, ஐந்நூறு ரூபாய் குறைப்பதற்காக ஒரு ஆளைக் குறைக்கச் சொல்கிறோமா, எந்தச் சொம்பில் தண்ணீர் கொடுக்கிறோம்? முகநூலில் சாதி ஒழிப்பு எழுதுவதற்கு முன் இதை வீட்டில் அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுங்கள். அங்கே தொடங்கும் சண்டை மேடையில் பேசுவதைவிடக் கடினமானது.

மரத்தில் ஏறச் சொன்னவர் யார் என்ற கேள்வியை விழுந்த பிறகு கேட்காமல், ஏறுவதற்கு முன்பே கேட்போம்.