மூச்சு வாங்கினால் இரத்தச்சோகை மட்டும்தானா?

விடியற்காலை பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை செம்பனை உதிரிப் பழம் பொறுக்கி வீடு திரும்பும் பெண், "மூச்சு வாங்குது" என்கிறார். தோட்டத்தில் கிடைக்கும் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: "உடம்பிலே இரத்தம் இல்லே, கீரை சாப்பிடு." ரந்தாவ் பக்கமானாலும் பகாவ் பக்கமானாலும் இதே வைத்தியம்தான். பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால், அவருக்கு லூபஸ் நோய் இருந்தால்?

லூபஸ், வேலியே பயிரை மேயும் நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்குகிறது. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். வெயில் பட்டால் நோய் கிளம்பும். தோட்ட வேலையோ வெயிலில்தான். மூட்டுவலியும் முகத்தில் சிவப்புப் படையும் கண்ணுக்குத் தெரியும். இருதயம் கெடுவது தெரியாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த ஆய்வொன்று 1997இல் வெளிவந்தது. 35 முதல் 44 வயதுள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்றது அது.

இங்குதான் 'எக்கோ' உதவுகிறது. 1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கி வைத்த சோதனை இது. கப்பல் பட்டறையில் இரும்பின் விரிசலைத் தேடும் ரகக் கருவியைத்தான் அவர்கள் நெஞ்சின்மேல் வைத்துப் பார்த்தார்கள்! ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, கர்ப்பிணிக்கும் செய்யலாம்.

இருதயத்தைச் சுற்றி நீர் கோர்த்திருக்கிறதா, வால்வில் புடைப்பு உண்டா, நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று அது காட்டும். ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தம் வெளியேறுகிறது என்ற கணக்கும் கிடைக்கும். அது 55 விழுக்காட்டுக்கு மேலிருந்தால் பொதுவாக நல்லது என்பார்கள். அதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. அந்த எண் நன்றாக இருக்கும்போதே தசை தளரத் தொடங்கியிருக்கலாம். தசையின் இழுவையை அளக்கும் புதிய முறை அதை முன்னதாகவே பிடிக்கும். இருதய இரத்தக்குழாயின் அடைப்பை மட்டும் எக்கோ நேராகக் காட்டாது. அதற்கு வேறு சோதனை வேண்டும்.

படுத்தால் மூச்சுத் திணறுகிறதா? கால் வீங்குகிறதா? மூச்சை இழுத்தால் நெஞ்சு வலித்து, முன்னால் சாய்ந்தால் குறைகிறதா? அடுத்த தவணை வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லி எக்கோ கேளுங்கள். கடுமையான நெஞ்சுவலி என்றால் நேரே அவசரப் பிரிவுதான். அரைநாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது, ஆனாலும் போங்கள். "எனக்கு லூபஸ்" என்பதை முதலில் சொல்லுங்கள். பழைய எக்கோ அறிக்கை இருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள். போன தடவை அளவோடு ஒப்பிட்டால்தான் இருதயம் இறங்குகிறதா என்று டாக்டருக்குப் புரியும்.