அடிக்கோடு போடாத பக்கங்கள்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்டு ஒரு சுற்று முடித்திருக்கிறோம். பதினோரு பேர் பேசினீர்கள். நான் குறித்து வைத்துக்கொண்டேதான் கேட்டேன். ஐந்து பேர் அம்பேத்கரின் ‘சாதியை ஒழிக்கும் வழி’யைச் சொன்னீர்கள். இரண்டு பேர் பாமாவின் ‘கருக்கு’. ஒரு தங்கச்சி இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ என்று சொன்னதும் இங்கே கொஞ்சம் சலசலப்பு வந்தது. கடைசியாக ஒரு தோழர், “நான் புத்தகம் எதுவும் படிக்கலே, ஊரோட அ-பதிவேடுதான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதற்கு அப்புறம் வர்றேன்.

முதலில் அம்பேத்கர். ஐந்து பேர் சொன்னீர்கள், ஐந்து பேர் எடுத்துச் சொன்ன வரிகளும் ஏறக்குறைய ஒன்றேதான். சுவரொட்டியில் பார்த்த வரிகள், செல்போனில் சுற்றுகிற வரிகள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் புத்தகம் என்கிற பொருள் நுழைந்ததே நேற்றைக்குத்தான். ஒரு வரி கையில் கிடைத்தாலும் அதைப் பொத்தி வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் புத்தகம் முழுசும் அந்த மூன்று வரிதானா?

1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்கிற அமைப்பு அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்தது. சாதியை ஒழிக்கிறோம் என்று பெயர் வைத்துக்கொண்ட சாதி இந்துக்களின் அமைப்பு. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்தார்கள். சில பகுதிகளை எடுக்கச் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாநாடே நடக்கவில்லை. பேசாத அந்தப் பேச்சைத் தன் சொந்தக் காசில் 1500 பிரதி அச்சடித்தார். இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. தமிழில் பெரியாரின் ‘குடிஅரசு’ அதைக் கொண்டுவந்தது. காந்தி தன்னுடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையில் அதை எதிர்த்து எழுதினார். அடுத்த பதிப்பில் அம்பேத்கர் என்ன செய்தார் என்று பாருங்கள்: காந்தி எழுதியதை அப்படியே சேர்த்து, அதன் பக்கத்தில் தன் பதிலையும் வைத்தார். எதிராளி சொன்னதைத் தன் புத்தகத்துக்குள்ளேயே வைத்துப் பேசுகிற துணிச்சல் அது.

அந்தப் புத்தகத்தில் யாரும் அடிக்கோடு போடாத சில பக்கங்கள் உண்டு. ஊர்ப் பெயர்கள் வருகிற பக்கங்கள். குஜராத்தில் கவிதா என்றொரு கிராமம். அரசாங்கம் நடத்துகிற பொதுப் பள்ளிக்கூடத்துக்கு உங்கள் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று சேரி மக்களை மிரட்டினார்கள். அகமதாபாத் மாவட்டத்தில் சனு என்கிற ஊர். கொஞ்சம் வசதியான சேரிப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் மொண்டார்கள் என்பதற்காக அடி. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் சக்வாரா. யாத்திரை போய்வந்த ஒருவர் தன் சொந்த சனத்துக்கு விருந்து போட்டார், அதில் நெய் பரிமாறினார். நெய்! தடியோடு வந்து விருந்தைக் கெடுத்தார்கள். இவையெல்லாம் அவர் பேச்சு எழுதுவதற்குச் சமீபத்திய காலத்தில் நடந்தவை. வெளிநாட்டில் இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், ஊர் பேரையும் நடந்த சம்பவத்தையும் சேகரித்து, இந்தப் பிரச்சினைக்குப் பதில் சொல்லுங்கள் என்று முன்னால் வைக்கிறார். கடைசிப் பக்கங்களில் இன்னொன்று சொல்கிறார்: பூசாரி வேலை பரம்பரைச் சொத்தாக இருக்கக் கூடாது, தேர்வு வைத்து, அரசு சான்று கொடுத்துத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்று. தமிழ்நாட்டில் 1970இல் பரம்பரை அர்ச்சகர் முறைக்கு எதிராகச் சட்டம் வந்தது. பல சாதிகளிலிருந்து வந்த பயிற்சி பெற்றவர்களுக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கொடுத்தார்கள். நடுவில் ஐம்பது வருஷம் கோர்ட்டும் வாய்தாவும். இந்தச் சண்டையைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பேசும்போது 1936இன் அந்தப் பக்கத்தை எத்தனை பேர் எடுத்துப் படித்துக் காட்டுகிறோம்?

தொகுதிகளின் தமிழ் கடினமா இருக்கு, புரியலே என்று ஒரு தோழர் சொன்னார். உண்மைதான். மொழிபெயர்ப்புத் தமிழ் சில இடங்களில் பல்லை உடைக்கும். தனியாக உட்காராதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து சத்தமாகப் படியுங்கள், பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

இப்போது சலசலப்புக்கு வர்றேன். ‘கோவேறு கழுதைகள்’ பற்றித் தங்கச்சி பேசிக்கொண்டிருக்கும்போது பெரியவர் ஒருவர் கேட்டார்: “அதையெல்லாம் ஏம்மா இங்க வந்து சொல்லிக்கிட்டு?” அவர் கோபத்தில் கேட்கவில்லை. வருத்தத்தில்தான் கேட்டார். இந்த இயக்கத்துக்காக அடிபட்டவர், வழக்கு வாங்கியவர். ஆகவே மரியாதையோடுதான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த நாவல் 1994இல் வந்தது. ஆரோக்கியம் என்கிற புதிரை வண்ணார் பெண்ணின் கதை. பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கிறவள். பொழுது சாய்ந்தால் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்க வேண்டும். அறுவடைக் காலத்தில் களத்துக்குப் போய் நிற்க வேண்டும். பிரசவத்துக்கு அவள்தான், சாவுக்கும் அவள்தான். ஊர்க்காரனுக்குத் தீண்டத்தகாதவர்களாக இருக்கிற மக்கள், தங்களுக்குக் கீழே அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புத்தகம் வந்தபோது சிறுபத்திரிகைகளில் பெரிய சண்டை. எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறது என்றார்கள். தலித் ஒற்றுமையைக் குலைக்கிறது என்றார்கள். வேறு சிலர், இருப்பதைத்தானே எழுதியிருக்கிறார் என்றார்கள். முப்பது வருஷம் கழிந்து அதே கேள்வி இந்த அறைக்குள் எழுந்து நிற்கிறது.

எதிரிக்கு ஆயுதம் என்கிற வாதத்தை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். “பாத்தியா, அவனுங்களுக்குள்ளேயே சாதி பாக்குறானுங்க” என்று சாதி இந்து சொல்வான். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். இந்த நாவலைப் படிக்காமலேயே சொல்கிறான். அவன் சொல்வதற்குப் பதில் அம்பேத்கரிடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. சாதி என்பது மேலே ஒருவன், கீழே ஒருவன் என்கிற இரண்டு அடுக்கு விவகாரமில்லை. ஒவ்வொருத்தனுக்கும் மிதிப்பதற்கு ஒருத்தனைக் கீழே கொடுத்துவைத்திருக்கிற படிக்கட்டு. அந்த ஏற்பாட்டைச் செய்தது யார், அதனால் லாபமடைவது யார் என்று கேட்டால் கதை சாதி இந்துவின் வாசலில் போய் நிற்கும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு, படிக்கட்டு இருக்கிறது என்று நாம் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டுமே! ‘பழசைக் கிளறாதே, ஒற்றுமையைக் கெடுக்காதே’ என்று ஊர்க்காரன் நம்மிடம் சொல்லும்போது நமக்கு எப்படி எரிகிறது? ஆரோக்கியத்திடம் நாம் அதே வசனத்தைப் பேசலாமா?

இது இன்று நேற்று முளைத்த கேள்வி என்றும் நினைக்க வேண்டாம். புனாவில் ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் முக்தாபாய் என்று ஒரு மாங் சாதிச் சிறுமி படித்தாள். மாங், மகார் மக்களின் துயரம் பற்றி அவள் எழுதிய கட்டுரையை 1855இல் ‘ஞானோதயா’ என்கிற மராத்திப் பத்திரிகை அச்சிட்டது. பார்ப்பனர்களை அவள் கேட்கிற கேள்விகள் நெருப்பு மாதிரி இருக்கும். அதே கட்டுரையில், மகார்களும் அந்தப் புத்தியைக் கற்றுக்கொண்டு மாங்குகளைத் தாழ்வாகப் பார்க்கிறார்கள் என்பதையும் எழுதிவிடுகிறாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவளுக்குத் தயக்கமில்லை. எழுதப் படிக்கக் கற்ற கையோடு ஒரு சிறுமி செய்தது அது. 1855!

நம் ஊர் நடப்புக்கு வாருங்கள். 2009இல் பட்டியல் சாதியினரின் 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. இதைப் பற்றி நம் தோழர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் இந்த விவாதம் நடக்கிற கூட்டங்களில் பேசுகிற தொனியை நான் கேட்டிருக்கிறேன். ‘அவங்க’ என்று சொல்கிறபோது ஒரு குரல் வருமே, அந்தக் குரல். ஆரோக்கியத்தோடு இருநூறு பக்கம் நடந்தவர்கள் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் அந்தக் குரலில் பேச முடியாது என்பது என் கட்சி.

வீட்டுக்குள்ளும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வந்தது. அதில் காத்தமுத்து என்கிற தலித் தலைவர் வெளியே நியாயம் பேசுகிறவர், வீட்டில் பெண்களை அடக்கி ஆள்கிறவர். மகள் கௌரியின் கண் வழியாக நாம் அவரைப் பார்க்கிறோம். அதற்கும் நம் ஆண் தோழர்களுக்குக் கோபம் வந்தது. சிவகாமி 1997இல் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று எழுதி, தன் நாவலைத் தானே திரும்பக் கேள்வி கேட்டார். இங்கே பேசிய ஆண்கள் ஒருவர்கூட இந்தப் புத்தகத்தைச் சொல்லவில்லை என்பதைச் சும்மா குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

‘கருக்கு’ சொன்ன இரண்டு பேரும் ‘வலி, வலி’ என்றே சொன்னீர்கள். வலி இருக்கிறது. ஆனால் 1992இல் அந்தப் புத்தகம் வந்தபோது நம்மைக் குலுக்கியது வலி மட்டுமா? ஒரு பெரியவர் வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போகிறார். சின்னப் பிள்ளைக்கு அது வேடிக்கை. சிரித்துச் சிரித்து வீட்டில் வந்து சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படித் தூக்கினார் என்று விளக்குகிறார். அந்தச் சிரிப்புதான் என்னைப் படுத்துகிறது. தீண்டாமையை அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்துவிட்டாள், பேர் தெரியாததால் சிரித்தாள். இன்னொன்று, அந்த மொழி. சேரியில் பெண்கள் பேசுகிற பேச்சை அப்படியே அச்சில் ஏற்றினார். கொச்சை என்று மூக்கைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் நடவுக்குப் போய் வந்த பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. நடுவில் நிறுத்தி “எங்க ஊர்ல என்னா நடந்துச்சுன்னா...” என்று ஆரம்பிப்பார்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். அதுவும் வாசிப்புதான்.

இனி அ-பதிவேட்டுத் தோழர். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் போ என்றால் போக வேண்டியதுதான் என்பதை அதிகாரி பாஷையில் எழுதினார். அவரைத் தெய்வமாக்க வேண்டாம், அவர் வெள்ளைக்கார அரசாங்கத்தின் ஊழியர். ஆனால் அந்தக் காகிதத்தின் பின்னால்தான் 1892இல் நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதுதான். முதல் பத்து வருஷம் கைமாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத்தான் மாற்ற முடியும் என்பது நிபந்தனை. நூறு வருஷம் அந்த ஆணை அலமாரியில் கிடந்தது, நிலம் மற்றவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் விட்டார்கள். அலமாரிக் காகிதத்தை எடுத்துப் படித்ததால் நிகழ்ந்த போராட்டம் அது.

அ-பதிவேட்டில் கதையும் இல்லை, கவிதையும் இல்லை. புல எண், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர், கடைசியில் குறிப்பு என்றொரு கட்டம். அந்தக் கட்டத்தைப் பழைய பதிவேட்டிலும் பார்க்க வேண்டும், புதிய பதிவேட்டிலும் பார்க்க வேண்டும். முன்னதில் இருந்த சொல் பின்னதில் இல்லையென்றால் எந்த வருஷம், யார் கையெழுத்தில் காணாமல் போனது என்று கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்த பிறகு எழுதிக் கேட்பதற்கு வழி இருக்கிறது. தாலுகா ஆபீசில் நாலு நடை நடக்க வைப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் தோழரோடு போங்கள். நாவல் படிக்கிற கண்தான் அதற்கும் வேண்டும். எங்கே ஒரு ஆள் கதையிலிருந்து காணாமல் போகிறான் என்று பார்க்கிற கண்.

அடுத்த மாதத்துக்கு என் யோசனை இது. பிடித்த வரியை யாரும் கொண்டுவர வேண்டாம். படிக்கும்போது எந்தப் பக்கத்தில் கோபம் வந்ததோ, எந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டுப் போனோமோ, அந்தப் பக்கத்தோடு வாருங்கள். தோழர் மூன்று புல எண்களுக்கு நகல் எடுத்து வருவார், தரையில் விரித்து வைத்துப் படிப்போம். ‘கோவேறு கழுதைகள்’ நம்மிடம் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலில் பெரியவர் எடுத்துக்கொண்டு போகட்டும். எழுத்து பொடிசாக இருக்கிறது என்றால் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் ஐயா. முடித்துவிட்டு வந்து எங்களோடு சண்டை போடுங்கள்.