ஓடைக்கரையின் சீழ்க்கை



மலைநாட்டுப் பள்ளியொன்றில் நான் ஆசிரியனாயிருந்த காலத்து நிகழ்ச்சி இது. ஒரு நாள், இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகளைப் பற்றிப் பாடம் நடத்தினேன். முடிவில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நாங்கள் கண்ணாலும் காணாத அந்தச் சீழ்க்கைப் பறவையினால் நமக்கு என்ன பயன்?" என்று வினவினான். "நேரமாகிவிட்டது, உட்கார்" என்று அவனை அடக்கிவிட்டேன். விடை எனக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கடனை இன்று தீர்க்க விழைகிறேன்.

மைனாவைவிடச் சற்றுச் சிறியது இப்பறவை. ஆண் கருநீல நிறமுடையது; அதன் தோளில் ஒளிமிக்க நீலத் திட்டொன்று உண்டு. பெண் பழுப்பு நிறத்தது. இலங்கையின் மத்திய மலைகளில், அடர்ந்த காட்டினூடே பாயும் ஓடைகளின் கரையே இவற்றின் இல்லம். பூச்சி, நத்தை, சிறு தவளை முதலியன உணவு. விடியலிலும் அந்தியிலும் கூரிய சீழ்க்கையொலி எழுப்பும். தென்னிந்திய மலைகளில் வாழும் இதன் உறவுப் பறவையை ஆங்கிலேயர் 'சீழ்க்கையடிக்கும் பள்ளிச் சிறுவன்' என்று அழைத்தனர். ஆசிரியர்களுக்குப் பழக்கமான பெயர்தான்!

1872ஆம் ஆண்டில் ஹோல்ட்ஸ்வர்த் என்பார் இப்பறவையை அறிவியலுலகுக்கு விவரித்து, சாமுவேல் பிளை என்னும் தோட்டத்துரையின் பெயரை அதற்குச் சூட்டினார். விந்தை பாருங்கள்! பறவைக்குப் பெயர் தந்தவர் தோட்டத்துரை. பறவையின் வீட்டை அழித்ததும் தோட்டங்களே. கோப்பிக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் வியர்வை அம்மண்ணில் சிந்தியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்தியது; தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. எனினும், ஹூக்கர் என்னும் தாவரவியல் அறிஞரின் அறிவுரைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டலாகாதென 1873இல் அரசு ஆணையிட்டது. எஞ்சிய காட்டில்தான் பறவையும் எஞ்சியது. இன்றும் அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகவே கணிக்கப்படுகிறது.

ஓய்வு பெற்றபின் ஒரு விடியற்காலையில், ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்லும் பாதையோரத்துள்ள அரெங்கா குளத்தருகே நின்றேன். அப்பறவையின் பழைய அறிவியற் பெயரே அக்குளத்துக்கும் வழங்குகிறது. பனிமூட்டத்தினூடே ஒரு சீழ்க்கை கேட்டது. நீலத்தோள் ஒரு கணம் தெரிந்தது, மறைந்தது. அன்று விடை கிடைத்தது.

அக்காடு பனிமூட்டத்தின் ஈரத்தைப் பற்றி மண்ணுக்கு அளிக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீரூட்டும் ஓடைகள் அம்மேட்டுநிலத்திலிருந்து புறப்படுகின்றன. பறவை நமக்கு நீர் தருவதில்லை. ஆனால் பறவைக்கு நிழல் தரும் காடே நமக்கு நீரும் தருகிறது. ஓடைக்கரையில் சீழ்க்கை ஓய்ந்துவிடின், காட்டுக்கு என்ன நேர்ந்ததென்று நாம் கவலைப்பட வேண்டும்.

அன்றியும், பயனை வைத்து மட்டும் ஓர் உயிரை எடைபோடுதல் முறையன்று. இங்கே அற்றுப்போனால், மீட்டுக் கொணர உலகில் வேறிடமில்லை.

அந்த மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவனைப் போலவே நீங்களும் வினவுங்கள். விடை தெரியாத ஆசிரியர் உங்களை உட்காரச் சொன்னாலும், வினாவை உட்கார விடாதீர்கள்.