உலோக முகத்தின் பின்னே



ஒற்றர் கதை என்றவுடன் துப்பாக்கியும் மாறுவேடமும் நள்ளிரவில் விரையும் மோட்டார் வண்டியும் உங்கள் நினைவுக்கு வரும். இவற்றிற்கு அதிக வேலை வைக்காத ஓர் ஒற்றர் கதையைப் பற்றி இன்று உங்களோடு பேசக் கருதுகிறேன். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த விஞ்ஞான நாவல் அது. எழுதியவர் ஆல்ஜிஸ் பட்ரிஸ். நூலின் பெயர் ஒரே சொல்: ‘யார்?’

உலகம் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து நிற்கும் ஒரு வருங்காலத்தில் கதை தொடங்குகிறது. எல்லைக்கோட்டின் அருகே அமைந்த ஆய்வுக்கூடத்தில், லூகாஸ் மார்ட்டினோ என்னும் பௌதிக விஞ்ஞானி ‘கே-88’ என்ற இரகசியப் பணியில் ஈடுபட்டிருக்கிறான். அங்கே பெருவெடி ஒன்று நிகழ்கிறது. குற்றுயிராய்க் கிடந்தவனை எல்லைக்கு அப்பாலிருந்து வந்த சோவியத் குழுவினர் எடுத்துச் செல்கின்றனர். நான்கு திங்கள் கழித்து எல்லை வாயில் திறக்கிறது. ஒருவன் நடந்து வருகிறான். அவன் தலை உலோகம். ஒரு கையும் உலோகம். “நான்தான் மார்ட்டினோ” என்கிறான்.

அவனை வரவேற்க வந்த பாதுகாப்பு அதிகாரி ரோஜர்ஸுக்கு ஒரே வேலைதான்: வந்தவன் மார்ட்டினோவா, அன்றி அவனைப்போல் பயிற்றப்பட்ட ஒற்றனா என்பதைத் தெளிதல். எளிய வேலையாகத் தோன்றுகிறதன்றோ? முகம் இல்லை, ஆகவே நிழற்படம் பயன்படாது. எஞ்சிய கையின் விரல்ரேகை மார்ட்டினோவின் ரேகையோடு ஒத்திருக்கிறது. ஆயினும், இத்துணைத் திறமையோடு மனிதனைச் செப்பனிட்ட மருத்துவர்கள், மார்ட்டினோவின் கையை வேறொருவன் தோளில் பொருத்தியிருக்க மாட்டார்களா? நினைவுகளைக் கேட்டுப் பார்க்கலாமென்றால், நான்கு திங்கள் விசாரணையில் கறந்தெடுத்த நினைவுகளை இன்னொருவனுக்குப் பாடமாகக் கற்பித்திருக்கலாம். கேள்விக்குத் தவறாக விடையளித்தால் அவன் பொய்யன். எல்லாவற்றிற்கும் சரியாக விடையளித்தாலோ, நன்கு பயின்ற பொய்யன்! ஆராய ஆராய ஐயம் வளருகிறதேயன்றிக் குறையவில்லை.

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது, வராத நண்பனுக்காக “உள்ளேன் ஐயா” என்று குரல் கொடுக்கும் வீரர்களை நாற்பதாண்டுக்கு மேலாக நான் அறிவேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தால் ஆசிரியருக்கு உண்மை தெரிந்துவிடும். ரோஜர்ஸ் நிமிர்ந்து பார்த்தால் தெரிவது மெருகிட்ட உலோகமே.

இது வீண் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். நூல் வெளிவந்து மூன்றாண்டு கழித்து, 1961-இல், இலண்டனில் கார்டன் லான்ஸ்டேல் என்ற கனடா நாட்டு வணிகர் ஒருவர் கைதானார். அவர் உண்மையில் கோனன் மொலோடி என்னும் சோவியத் ஒற்றர். கனடாவில் பிறந்த வேறொருவரின் பெயரையும் பிறப்புச் சான்றையும் சுமந்து வாழ்ந்தவர். இயற்பெயர் லான்ஸ்டேலின் குழந்தைப் பருவ மருத்துவச் செய்தி ஒன்று இவர் உடலோடு பொருந்தாமையே, இவர் அவரல்லர் என்று காட்டிக்கொடுத்தது. ஆகவே ரோஜர்ஸின் ஐயத்தை மூடத்தனம் என்று நாம் சொல்லிவிட இயலாது. அவன் கொடியவனும் அல்லன், கடமை தவறாதவன். அதனாலேயே கதை நம்மைச் சுடுகிறது.

நூலாசிரியரின் வாழ்க்கையையும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். பட்ரிஸ் 1931-இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். அந்நகரே இன்று காலினின்கிராட் என்ற பெயரோடு ருஷ்யாவில் இருக்கிறது. அவர் தந்தை லித்துவேனியாவின் ஒற்றுத் தடுப்புப் பணியில் இருந்தவர். பின்னர் அந்நாட்டின் தூதராக நியூயார்க் சென்றார். 1940-இல் சோவியத் யூனியன் லித்துவேனியாவைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க அரசாங்கம் அச்சேர்க்கையை ஏற்கவில்லை. ஆகவே தந்தை, தேசப்படத்தில் மறைந்துபோன நாட்டின் தூதராகவே தொடர்ந்து பணியாற்றினார். ‘நீ யார், எந்நாட்டான்?’ என்ற வினா அவ்வீட்டுப் பிள்ளைக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருந்திராது.

நம் பெரியபுராணத்துத் திருமூலர் வரலாற்றை இவ்விடத்தில் சிலர் நினைக்கக்கூடும். சாத்தனூர் இடையன் மூலனின் உடல் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பவர் வேறு. அவன் மனைவி ஊர்ச் சான்றோரிடம் முறையிடுகிறாள். பட்ரிஸின் கதையோ தலைகீழ்: உடல் பெரிதும் மாறிவிட்டது, உள்ளே இருப்பவன் அவனேதானா என்பதே வழக்கு.

நாவலின் அத்தியாயங்கள் மாறி மாறிச் செல்கின்றன. ஒன்று விசாரணை, அடுத்தது மார்ட்டினோவின் இளமை. நியூஜெர்ஸியில் பெற்றோரின் பண்ணை, நியூயார்க்கில் மாமன் நடத்திய காப்பிக்கடை, கல்லூரி விடுதி என்று இளமைக்காலம் விரிகிறது. அவன் பிறரோடு எளிதில் ஒட்டாதவன். எதையும் ஒழுங்காக ஆராய்ந்து புரிந்துகொள்ள விரும்புகிறவன். விசாரணையில் வரும் மனிதனும் அவ்வாறே பேசுகிறான், நடக்கிறான். வாசகராகிய நமக்கு இவை தெரியும். ரோஜர்ஸின் கோப்பிலோ நாள்களும் முகவரிகளுமே இருக்கின்றன. ‘கே-88’ இன்னதென்று ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. இதைக் குறையென்பார் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கருவியை விளக்கியிருந்தால் நம் கவனம் மனிதனைவிட்டு அதன்பால் ஓடியிருக்கும்.

முடிவு காண இயலாத அரசாங்கம் அவனை வெளியே விடுகிறது. பின்னாலேயே ஆட்களையும் அனுப்புகிறது. இளமையில் பழகிய பெண் ஒருத்தியைத் தேடி அவன் நியூயார்க் செல்கிறான். அவள் கதவைத் திறக்கிறாள், பேசுகிறாள். ஆனால் அவளுடைய குழந்தை அவன் முகத்தைக் கண்டு வீறிட்டு அலறுகிறது. அவன் தெருவில் இறங்கி ஓடுகிறான். அக்காட்சியை நான் இருமுறை படித்தேன். விசாரணை அறையில் கலங்காதவன், ஒரு குழந்தையின் அச்சத்தின் முன் நிற்க மாட்டாமல் ஓடுகிறான். இயந்திரத்திற்கு அவ்வாறு ஓடத் தோன்றுமா?

பின்னர் அவன் பெற்றோரின் பழைய பண்ணைக்கே திரும்பி, ஏரும் எருவுமாக வாழ்கிறான். ஆண்டுகள் செல்கின்றன. அவனின்றிக் ‘கே-88’ நகராது என்றுணர்ந்த அரசாங்கம் ரோஜர்ஸை மறுபடியும் அனுப்புகிறது. இம்முறை சோதிக்க அன்று, அழைக்க. “நீதான் மார்ட்டினோவா?” என்று ரோஜர்ஸ் கேட்கிறான். எல்லை வாயிலில் அவன் எத்தனையோ முறை ‘ஆம்’ என்று சொன்ன வினா அது. இப்பொழுது, வயல் வேலைக்கு நடுவே, “இல்லை” என்கிறான்.

நூல் சிறியது, ஒரு விடுமுறை நாளில் படித்து முடித்துவிடலாம். படிப்போர் துப்பறியும் ஆவலில் இளமை அத்தியாயங்களைத் தாண்டிச் செல்லாதிருக்க வேண்டுகிறேன். அந்த “இல்லை” என்ற விடைக்குரிய காரணத்தை ஆசிரியர் அங்கேதான் வைத்திருக்கிறார்.