இரண்டு வன்தட்டுகள், ஒரு வேலை



சிங்கப்பூரில் டோபி காட் என்றதும் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையமும், 1974-ல் திறக்கப்பட்ட பிளாசா சிங்கப்பூராவும் நினைவுக்கு வரும். பெயரோ பழையது. டோபி என்றால் சலவைத் தொழிலாளி. காட் என்றால் நீர்த்துறை. வங்காளத்திலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரு காலத்தில் பிராஸ் பாசா ஓடையில் துணி வெளுத்த துறை அது. அந்த ஓடை பின்னாளில் ஸ்டாம்ஃபோர்டு கால்வாயாகி, இன்று பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்தே ஓடுகிறது.

அந்தத் துறையில் ஒரு பெரிய மூட்டைத் துணியை ஒரே ஆள் ஒரே கல்லில் துவைத்தால் பொழுது சாய்ந்துவிடும். இரண்டு கல்லில் இருவர் பங்கிட்டுக்கொண்டால் பாதி நேரம் போதும். வீட்டுக் கணினியில் இரண்டு மூன்று வன்தட்டுகளை, அதாவது ஹார்டு டிஸ்க்குகளை, ஒன்றாகச் சேர்ப்பதும் இந்தக் கணக்குத்தான்.

ஏன் சேர்க்க வேண்டும்? கணினியின் மற்ற உறுப்புகள் பெரும்பாலும் மின்னோட்டத்தால் மட்டும் இயங்குபவை. வன்தட்டோ சுழலும் இயந்திரம். அதனுள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியில் ஆயிரத்தில் எட்டுப் பங்குக்குச் சற்று மேல் ஆகும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. கணினிக்கோ அது நெடுங்காத்திருப்பு. நல்ல தட்டு வினாடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். அதுவரை மற்ற உறுப்புகள் கைகட்டி நிற்கின்றன.

இதற்கு வழி சொன்னவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர். பெரு நிறுவனங்களில் இருந்த ஐ.பி.எம். 3380 என்ற ராட்சதத் தட்டுக்குப் பதிலாக, கானர் நிறுவனத்தின் 100 மெகாபைட் சிறு தட்டுகளைப் பலவாகச் சேர்த்தால் என்ன என்று 1988-ல் ஒரு கட்டுரையில் கேட்டார்கள். அந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயரே ரெய்டு. கானருக்கும் சிங்கப்பூரில் தொழிற்சாலை இருந்தது. சீகேட் 1982-லேயே இங்கு வந்துவிட்டது. 1980களின் பிற்பகுதியில் உலகிலேயே மிக அதிகமாக வன்தட்டு செய்த ஊர் சிங்கப்பூர்தான். சலவைக்குப் பேர்போன ஊர் தட்டுக்கும் பேர்போனதாயிற்று!

ரெய்டில் பல வகைகள் உண்டு. வேகத்துக்கு என்றே உள்ளது பூஜ்ய வகை. ஒரு கோப்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை ஒரு தட்டிலும், அடுத்ததை மறு தட்டிலும், மூன்றாவதை மீண்டும் முதல் தட்டிலுமாக மாற்றி மாற்றி எழுதுவது. படிக்கும்போது இரண்டும் ஒருங்கே படிக்கும். திருமண வீடியோ போன்ற பெரிய கோப்புக்கு வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆனால் சிறு சிறு கோப்புகளுக்கு அப்படி ஆகாது. துவைக்க வேண்டியது ஒரு கைக்குட்டை என்றால் இரண்டு கல் என்ன செய்யும்?

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. இரண்டில் எது பழுதானாலும் இரண்டிலும் உள்ளது போயிற்று. ஒரு தட்டு ஓராண்டில் பழுதாக நூற்றுக்கு 3 வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டு சேரும்போது அது நூற்றுக்கு 6-ஐ நெருங்கும். எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் கல்யாண வீடியோ தொகுப்பவர். வேகம் வேண்டுமென்று இப்படிச் சேர்த்தார். எட்டு மாதத்தில் ஒரு தட்டு நின்றது. அதில் இருந்த ஒரு கல்யாணத்தில் பேத்தியை வாழ்த்திப் பேசிய தாத்தா, அதற்குள் காலமாகிவிட்டார். அந்தக் குரலைக் கேட்க வேறு பிரதி எங்கும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவர் என்ன பதில் சொல்வார்?

முதலாம் வகை கண்ணாடி போன்றது. ஒரே செய்தி இரண்டு தட்டிலும் எழுதப்படும். எழுதும் வேகம் கூடாது. பாதி இடமும் போய்விடும். ஆயினும் ஒன்று நின்றால் மற்றது இருக்கும். ஐந்தாம் வகைக்குக் குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும். எங்கள் தோட்டப் பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக் காட்டுவேன். ஒருவன் 7 என்றும் ஒருத்தி 5 என்றும் எழுத, மூன்றாமவன் கூட்டுத்தொகை 12-ஐ எழுதுவான். 5-ஐ அழித்துவிட்டாலும் 12-லிருந்து 7-ஐக் கழித்து அதை மீட்கலாம் அல்லவா? கணினி செய்யும் கணக்கு சற்று வேறு, கருத்து இதுவே. ஆனால் நீங்களே தவறுதலாக அழித்த கோப்பை எந்த வகையும் மீட்டுத் தராது. கண்ணாடியிலும் அது அழிந்துதான் போகும்.

இன்று சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்துவிட்டது. சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்றே வினாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கும். சிறு கோப்புகளுக்கும் காத்திராது. ஆகவே வேகம் ஒன்றே நோக்கமானால் வன்தட்டுகளைச் சேர்ப்பதைவிட, சிம் லிம் சதுக்கம் போன்ற இடத்தில் ஓர் எஸ்.எஸ்.டி. வாங்குவதே நலம் என்பேன். அன்றாட வேலை அதில் நடக்கட்டும். கையிலுள்ள பழைய தட்டுகள் இரண்டைக் கண்ணாடி முறையில் சேர்த்து, படங்களையும் வீடியோக்களையும் அங்கே வையுங்கள். மற்றொரு பிரதி, கணினிக்கு வெளியே, வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

சேர்ப்பதற்கு விண்டோஸிலேயே ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் என்ற வசதி உண்டு. சேர்க்கும்போது தட்டுகளில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டின்மேலும் அதன் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள். நாளை ஒன்று நின்றால், எதைக் கழற்றுவது என்று தெரிய வேண்டுமே.