ஆர்.சி.யில் என்ன நிறம்?

பழைய கார் வாங்குகிறோம். புது நிறம் அடிக்கிறோம். கேஸ் கிட் பொருத்துகிறோம். சில தம்பிகள் சைலன்சரையும் மாற்றிவிடுகிறார்கள். தெருவே எழுந்து உட்காருகிற சத்தம்! அப்புறம் போலீஸ் கை காட்டாமல் இருக்குமா?

கை காட்டினால் பதற வேண்டாம். இடது ஓரமாக நிறுத்துங்கள். இன்ஜினை அணையுங்கள். கண்ணாடியை இறக்குங்கள். ராத்திரி என்றால் உள்விளக்கைப் போடுங்கள். சீருடையில் இருப்பவர் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும். செல்போனில், டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும்.

அடுத்து ஆர்.சி. புத்தகம். விஷயமே இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தில் வெள்ளை, ரோட்டில் சிவப்பு என்றால் கேள்வி வரும். வீட்டுக்கு மாடி எடுத்தால் நகராட்சியில் பதிய வேண்டாமா? அதேபோலத்தான். நிற மாற்றம், கேஸ் கிட் இரண்டையும் ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றிவிட்டால் பேச்சே இல்லை.

அந்தச் சத்தம் போடும் சைலன்சர்? அதற்கு வழியில்லை. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "கடையில் விற்கிறார்களே சார்" என்பதெல்லாம் எடுபடாது.

அபராதம் போட்டால் ரோட்டில் வாதாடாதீர்கள். சலானை வாங்கிக்கொள்ளுங்கள். தப்பான சலான் என்று தோன்றினால் கோர்ட்டில் சொல்லலாம்.

இன்றைக்கு வண்டியை எடுக்கும் முன் ஆர்.சி.யை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அதில் என்ன நிறம் எழுதியிருக்கிறது?