கொடியின் இரு புறம்

கொடி ஒன்றை அழகியதென்றும் அன்றென்றும் நாம் எளிதில் கூறிவிடுகிறோம். தாளில் அச்சிட்ட படத்தைக் கண்டு வழங்கும் தீர்ப்பு அது. கொடியோ காற்றில் புரள்வது. இரு புறத்திலிருந்தும் காணப்படுவது.

இச்சோதனைக்கு நம் தேசியக் கொடியே உட்பட்டது. 1931-இல் காங்கிரஸ் ஏற்ற மூவர்ணக் கொடியின் நடுவே இராட்டை இருந்தது. சக்கரம் ஒரு கோடியிலும் கதிர் மறு கோடியிலும் அமைந்த உருவம். கொடியின் பின்னே நிற்பவர்க்கு அது இடம் வலமாக மாறித் தோன்றும். 1947 ஜூலை 22-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் புதிய கொடியை முன்மொழிந்த நேரு இக்குறையை எடுத்துரைத்தார். இராட்டையில் சக்கரம் மட்டும் எஞ்சியது. அதுவும் அசோகனது சாரநாத் தூணில் உள்ள 24 ஆரச் சக்கரத்தின் வடிவம் பெற்றது. எப்புறம் நோக்கினும் அது ஒன்றே.

ஓவியர் எவரும் மறுக்கவொண்ணாத வாதம்தான். ஆயினும் ஏழையின் கைக்கருவி இறங்க, பேரரசனின் சின்னம் ஏறிற்று. இராட்டையில்லாக் கொடியை வணங்கேன் என்றே காந்தியடிகள் கூறினார். நாம் சபையின் பக்கம் நிற்பவர்களே. எனினும் அவர் வருத்தத்தை வெறும் பிடிவாதமென்று தள்ள மனம் துணியவில்லை. கொடிக்குக் கையால் நூற்று நெய்த துணியே வேண்டும் என்பது நெடுங்கால விதி. படத்தில் மறைந்த இராட்டை துணியில் வாழ்ந்தது. 2021 டிசம்பரில் இயந்திரத் துணிக்கும் பாலியெஸ்டருக்கும் அனுமதி கிடைத்தது.